மாமி யார் ஜாடை?

போன மே மாத விடுமுறையில் அக்கா மகள் என் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தாள். பதினோரு வயது. வெயில் தாழ்கிற வரை வெளியே விடக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. முதல் நாள் சீட்டாட்டத்தில் கழிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் வேறு வழி தெரியாமல் கமல்ஹாசனின் ‘அவ்வை சண்முகி’ போட்டேன். மடிசார் மாமி வந்து சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது; கையிலிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “சித்தி, இது ‘மிஸஸ் டவுட்ஃபயர்’தானே?”

எங்கே பார்த்தாய் என்றேன். “அப்பா வீட்டில்” என்றாள். மேலே பேசாமல் படத்துக்குள் போய்விட்டாள்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு படத்தில் மனம் ஒட்டவில்லை. அதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு காலத்தில் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு அந்தச் சண்டையில் நான் எடுத்த பக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். இப்போது இன்னொரு பக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1996 தீபாவளிக்கு வந்த படம். அப்போது நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். நான் பத்தாம் வகுப்பு. இரண்டாவது வாரம் பெண்கள் வரிசையில் முண்டியடித்து டிக்கெட் வாங்கினோம். அம்மா, அக்கா, நான், கூடவே மூன்றாம் வீட்டு மாமி. அறுபதைத் தாண்டியவர். தினப்படி ஒன்பது கஜம் கட்டுபவர். சினிமாவுக்கு லேசில் வர மாட்டார். அன்று வந்ததற்குக் காரணம் கமல் இல்லை, ஜெமினி. ஜெமினி கணேசன் படத்தில் இருக்கிறார் என்று அம்மா மதிலுக்கு மேலாகச் சொன்னதும், “அப்படியானால் எனக்கும் ஒரு டிக்கெட்” என்றார். காப்பியைத் திருகுமூடிக் கூஜாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இடைவேளையில் அதை மட்டும்தான் குடித்தார்.

அந்தக் கூஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியும் அம்மாவும் இருபது வருஷம் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள். அங்கிருந்து சீடை வரும், ரவா லாடு வரும். எங்கள் அதிரசமும் அங்கே போகும். ஆனால் அது அவர் வீட்டு அடுக்களைக்குள் போனதா, வேலை செய்யும் பெண்ணின் தூக்குப்பாத்திரத்தில் போனதா என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்கள் வீட்டில் மாமி ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

படம் முடிந்து நடந்து வரும்போது மாமியின் தீர்ப்புக்காக எல்லோரும் காத்திருந்தோம். புடவைக்கட்டைப் பற்றிச் சொல்லத் தகுதி உள்ளவர் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். முந்தானை வலத் தோளில் வந்தால் ஐயர் கட்டு, இடத் தோளில் வந்தால் ஐயங்கார் கட்டு என்பதையே அன்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டில் குறை இல்லை என்றார். கொஞ்ச தூரம் போனதும், “ஆனால் மடிசார் கட்டிக்கொண்டு நிஜத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காக நடக்க மாட்டார்கள்” என்றார். அம்மா நடுத்தெருவில் நின்று சிரித்தார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்துத் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். தொலைக்காட்சி அறையில் ஒரு சனிக்கிழமை இரவு ஏதோ ஓர் ஆங்கில அலைவரிசையில் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ ஓடியது. வசனம் பாதிக்குமேல் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேலையில்லாத கணவன். விவாகரத்து. குழந்தைகள் அம்மாவிடம். அப்பா வயதான பெண்ணாக வேஷம் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கே வேலைக்கு வருகிறான். ஒப்பனை செய்துவிட ஓர் ஆள். அங்கே தம்பி, இங்கே நாகேஷ். ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, எங்கள் வீட்டு நகையை அடகுக்கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் இருந்தது. படம் வெளிவந்தது 1993 என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எந்தக் கடை, யாருடைய நகை என்பதும் அத்தோடு தெரிந்துவிட்டது.

பக்கத்துப் படுக்கைக்காரி மதுரைப் பெண், கமல் என்றால் உயிர். அவளிடம் போய், “உன் ஆள் அப்படியே சுட்டிருக்கிறார்” என்றேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய்ப் புட்டி என் தட்டின் பக்கம் வரவில்லை. நானும் இறங்கிவரவில்லை. அதன்பின் ஏழெட்டு வருஷம், எந்தக் கூட்டத்தில் இந்தப் படத்தின் பேச்சு வந்தாலும் “அது ஆங்கிலப் படம்” என்று சொல்லி எல்லோருடைய சிரிப்பிலும் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நான் தவறாமல் செய்தேன். மூலத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு வருகிற கர்வம் அது. பார்க்காதவர்களைவிடத் தனக்கு ஒரு முழம் உயரம் கூடிவிட்டதுபோல் இருக்கும்.

அந்தக் கர்வம் உடைந்தது ஒரு மோதிரத்தில்.

சென்னைக்கு வேலைக்கு வந்தபிறகு, தெருமுனை வாடகைக் கடையில் எடுத்த குறுந்தகட்டில் ‘டூட்ஸி’ பார்த்தேன். 1982இல் வந்த படம், சிட்னி பொல்லாக் இயக்கியது. வேலை கிடைக்காத நடிகனாக வரும் டஸ்டின் ஹாஃப்மன் பெண் வேஷம் போட்டுத் தொலைக்காட்சித் தொடரில் வாய்ப்பு வாங்கிவிடுகிறார். கூட நடிக்கும் பெண்ணை மனத்துக்குள் காதலிக்கிறார். அந்தப் பெண்ணின் தகப்பனாரோ, மனைவியை இழந்த மனிதர், இந்த வேஷக்காரியைக் காதலிக்கிறார். மோதிரத்தை நீட்டிக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். ஹாஃப்மன் விழிக்கிற விழி இருக்கிறதே, அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன்.

இது டவுட்ஃபயரில் இல்லை. அங்கே ஒரு பேருந்து ஓட்டுநர் கிழவியைப் பார்த்துக் கொஞ்சம் அசடு வழிகிறார், அவ்வளவுதான். ‘அவ்வை சண்முகி’யிலோ அதுதான் படத்தின் பாதி. மாமனார் விஸ்வநாத ஐயர் மாமியிடம் மயங்குகிறார். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் முதலியாராக வரும் மணிவண்ணனும் மயங்குகிறார். அன்று திரையரங்கே குலுங்கிச் சிரித்தது இந்த இருவரைப் பார்த்துத்தான். அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் தவறான அம்மாவைக் காட்டி “இவள் பெற்ற பிள்ளைதான் இது” என்று சொல்லிக்கொண்டிருந்தேனா? டூட்ஸியில்கூடத் தகப்பனார் ஒருவரோடு முடியவில்லை. தொடரில் நடிக்கிற பெரியவர் ஒருவரும் தெருவில் நின்று மாடியைப் பார்த்துப் பாடுகிறார். அங்கேயும் இருவர்.

பின்னொரு நாள் திருவல்லிக்கேணி நடைபாதைப் புத்தகக் கடையில் ‘சார்லீஸ் ஆன்ட்’ என்ற நாடகம் கிடைத்தது. பிராண்டன் தாமஸ் எழுதி 1892இல் இங்கிலாந்தில் மேடையேறியது. லண்டனில் 1,466 முறை நடந்திருக்கிறது. இரண்டு கல்லூரி மாணவர்கள் தங்கள் காதலிகளை அறைக்கு அழைக்கப் பெரிய மனுஷி ஒருத்தி துணைக்கு வேண்டியிருக்கிறது. பிரேசிலிலிருந்து வர வேண்டிய அத்தை வரவில்லை. நண்பன் ஒருவனுக்குப் புடவை கட்டாத குறையாக வேஷம் கட்டி அத்தையாக உட்காரவைக்கிறார்கள். அத்தை பெரும் பணக்காரி என்று கேள்விப்பட்டு அவளைச் சுற்றிச் சுற்றி வரும் கிழவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு.

பஸ்ஸில் நின்றபடியே அந்த இடத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி நகர்ந்துகொண்டார்.

இப்படிப் பின்னோக்கிப் போனால் எங்கே நிறுத்துவது? ஆண்கள் இருவர் பெண் வேஷத்தில் ஓடி ஒளிகிற ‘சம் லைக் இட் ஹாட்’ 1959இல் வந்தது. வேஷம் என்று தெரியாமல் ஒரு கோடீஸ்வரக் கிழவர் அதிலும் காதலிக்கிறார். அந்தப் படத்துக்கு முன்னால் 1951இல் ஒரு ஜெர்மன் படம். அதற்கு முன்னால் 1935இல் ஒரு பிரெஞ்சுப் படம். டவுட்ஃபயருக்கே அடியில் ஆன் ஃபைன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 1987ஆம் வருஷத்து நாவல் இருக்கிறது. ஹாலிவுட் அவர் பெயரைத் திரையில் போட்டது. நம் ஊரில் அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் போடுவது அபூர்வம். அந்தக் குறை எனக்கு இன்றும் குறைதான். இந்தியில் ‘கோல்மால்’ 1979இல் வந்ததும் அதை முறையாக வாங்கி 1981இல் ‘தில்லு முல்லு’ எடுத்த ஊர்தான் இதுவும். வாங்கவும் தெரியும், வாங்காமல் எடுக்கவும் தெரியும்.

ஆனால் “நகல்” என்ற ஒரு சொல்லில் அடங்காத வேறொன்று இருக்கிறது. ஊரில் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற பாட்டிமார்கள் அம்மாவையும் அப்பாவையும் பார்க்க மாட்டார்கள். மூக்கு செத்துப்போன சின்னத் தாத்தாவின் மூக்கு, காது ஆத்தங்கரை அத்தையின் காது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். நானும் மாமியை அப்படிப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தொழில். டவுட்ஃபயரில் ராபின் வில்லியம்ஸ் குரல் நடிகர். படம் தொடங்குவதே அவர் கார்ட்டூன் பறவைக்குக் குரல் கொடுப்பதில்தான். குழந்தைகள் பார்க்கிற படத்தில் பறவை சிகரெட் பிடிக்கக் கூடாது என்று சண்டை போட்டு வேலையை விடுகிறார். அதனால் அவருடைய வேஷம் முகத்தில் தொடங்குவதற்கு முன்பே தொண்டையில் தொடங்கிவிடுகிறது. மனைவி கொடுக்கவிருக்கும் விளம்பரத்தில் தொலைபேசி எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றிவிட்டு, அவரே மறுபடி மறுபடி அழைக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு பெண்; ஒருத்தியைவிட இன்னொருத்தி மோசம். மனைவி நொந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது கடைசியாக அந்த இங்கிலாந்துக் கிழவியின் கனிந்த குரல். முகம் இன்னும் பிறக்கவில்லை, ஆனால் ஆள் வந்தாயிற்று. அந்தப் பத்து வினாடிக்காகவே நான் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

‘அவ்வை சண்முகி’யில் கமல் நடித்த பாண்டியனுக்குத் தொழில் வேறு. சினிமாவில் நடன உதவியாளர். அவன் பிழைப்பே உடம்பில் இருக்கிறது. ஆகவே மாமியும் உடம்பில் பிறக்கிறாள். தோளைக் குறுக்கிக்கொள்வது, கையை வயிற்றோடு ஒட்டிவைப்பது, அடி வைப்பதற்கு முன் புடவையை லேசாகத் தட்டிவிடுவது. மூன்றாம் வீட்டு மாமி சொன்ன அந்த “இவ்வளவு ஒழுங்காக” என்பதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. பிறவியிலேயே மாமியாக இருப்பவர் தன் நடையைக் கவனிக்க மாட்டார். நடனக்காரன் கவனிப்பான். அந்த மிகை ஒழுங்குதான் வேஷம்.

ஒன்பது கஜத்தைத் தேர்ந்ததிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆறு கஜப் புடவையில் ஓர் ஆண் இரண்டு எட்டு ஓடினால் விழுவான். மடிசார் பஞ்சகச்சத்தைப்போல் கால்களைப் பிரித்துக் கட்டுவது. அதில் ஓடலாம், தாவலாம், சுவரேறலாம். அடுத்த வருஷமே கமல் இதை ‘சாச்சி 420’ என்று இந்தியில் தாமே இயக்கியபோது மாமியை மராட்டிப் பெண்ணாக்கினார், லட்சுமி கோட்போலே. அவர்களுக்கும் கச்சம் வைத்துக் கட்டுகிற ஒன்பது கஜம் உண்டு. மொழி மாறியது, சாதகமான புடவை மாறவில்லை.

ஒப்பனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டவுட்ஃபயர் ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. இங்கே, அதே 1996இல் ‘இந்தியன்’ தாத்தாவை உருவாக்கிய மைக்கேல் வெஸ்ட்மோர் வந்தார். இரண்டு ஊரிலும் ரப்பர்தான்.

அடுத்தது பெயர். ராபின் வில்லியம்ஸிடம் பெயர் என்னவென்று மனைவி கேட்கும்போது, பக்கத்தில் கிடக்கிற செய்தித்தாளில் தீ விபத்து பற்றிய தலைப்பைப் பார்த்து, கண்ணில் பட்ட இரண்டு சொற்களை ஒட்டி ‘டவுட்ஃபயர்’ என்கிறார். அர்த்தம் ஏதும் கிடையாது, அதுதான் அதன் அழகு. நம் மாமியின் பெயரில் அர்த்தம் வழிகிறது. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர். மேடையில் அவ்வையாராக வேஷம் கட்டி, அந்த அவ்வை தம் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும்படி நடித்தவர். சென்னையில் பழைய லாயிட்ஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அவருடைய நாடகக் குழுவில் சிறுவனாகப் பயிற்சி பெற்றவர் கமல். ஆண்பிள்ளைகள் ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேஷம் போட்டு வளர்ந்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களின் ஊர் இது. கிழவி வேஷம் கட்டுவதற்கு ஒரு தமிழ் நடிகன் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதே இல்லை. போனது கதைக்காகத்தான். பெயரை மட்டும் வாத்தியாரிடம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

பெயரைப் போலவே இன்னொரு சொத்தும் இந்தப் படத்துக்கு மட்டும் சொந்தம். அது எங்கள் மாமி டிக்கெட் வாங்கிய காரணம்.

1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’. நாலைந்து வயதுக் கமல் அறிமுகமான படம். அனாதையாக வளர்கிற அந்தப் பையனின் தகப்பன் யார்? ஜெமினி கணேசன். தாய் சாவித்திரி. அதில் அந்தக் குழந்தை கடவுளைப் பார்த்து, அம்மாவும் நீ, அப்பாவும் நீ என்று பாடுவதைக் கேட்டு ஊரே உருகியது. முப்பத்தாறு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை அப்பாவாகவும் அம்மாவாகவும் தானே இருக்க வேண்டிய கதையில் புடவை கட்டிக்கொண்டு வருகிறான். அவனைப் பார்த்து மயங்குவது யார்? அதே ஜெமினி. காதல் மன்னன் என்று தமிழகம் பட்டம் கொடுத்த மனிதர், தலை நரைத்து, ஊன்றிய கௌரவத்தோடு, அசல் காதல் மன்னனாகவே கண்ணைச் சுழற்றுகிறார். இதில் சிரிப்பு எவ்வளவு அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘டூட்ஸி’ தகப்பனாருக்கு இந்த ஒன்றும் கிடையாது. அமெரிக்காக்காரன் எவ்வளவு முக்கினாலும் இதை நகலெடுக்க முடியாது. அவனுக்குக் களத்தூர் எங்கே இருக்கிறது?

மூன்றாம் வீட்டு மாமி அந்தக் காட்சிகளில் சிரித்ததைவிட வெட்கப்பட்டதுதான் அதிகம். இருட்டில் எனக்குத் தெரிந்தது.

கடைசியாகச் சொல்ல நினைத்தது சமையற்காரனைப் பற்றி. டவுட்ஃபயரில் அப்பா வேஷம் போடுவதற்கு ஒரே காரணம், அப்பா என்ற உருவில் அவர் வீட்டுக்குள் வர நீதிமன்றம் விடவில்லை. சனிக்கிழமை மட்டும் குழந்தைகளைப் பார்க்கலாம். இங்கே அந்தக் காரணம் பாதிதான். மீதிப் பாதி நீதிமன்றம் வருவதற்கு முன்பே அந்த வீட்டு வாசலில் இருக்கிறது. பாண்டியன் பிராமணன் இல்லை. ஐயர் வீட்டுக்குள் நுழைய அவன் பெண்ணானால் மட்டும் போதாது, மாமியாகவும் ஆக வேண்டும். அதே வாசலில் இன்னொருவனும் நுழைந்திருக்கிறான். நாசர் நடித்த பாஷா. முஸ்லிம், ஐயர் வீட்டில் சமையல் வேலைக்கு ஊமைப் பிராமணனாக வேஷம் போடுகிறான். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஊமை. ஒருவன் பேச்சை மாற்றிக்கொண்டு வருகிறான், ஒருவன் பேச்சையே விட்டுவிட்டு வருகிறான். இத்தனை ஆசாரம் பார்க்கிற ஐயர் செய்வது தோல் வியாபாரம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரு முறை போய்வந்தவர்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்க வேண்டாம். தோல் எங்கிருந்து வருகிறது, யார் கைகளைத் தாண்டி வருகிறது, பணமானபிறகு எந்த வீட்டுப் பூஜையறை வரை போகிறது என்று படம் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. கிரேசி மோகன் வசனம் எழுதிய படத்தில் பாடம் நடத்த நேரம் ஏது? ஒரு சிரிப்புக்கும் அடுத்த சிரிப்புக்கும் நடுவில் மூச்சு விடத்தான் இடம் இருக்கும்.

இந்தப் பகுதிக்கு நான் எந்த வெளிநாட்டு ஜாடையும் கண்டுபிடிக்கவில்லை. இது எங்கள் தெரு.

பாஷாவைப் பார்த்து எங்கள் மாமி என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அருகில் இருந்த அம்மாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இருவருக்கும் நடுவில் அந்தக் கூஜா இருந்தது. மறுநாள் காலை வழக்கம்போல மதிலில் பேச்சு, வழக்கம்போலக் கறிவேப்பிலை கைமாறியது. எதுவும் மாறவில்லை. மாமி இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இறந்துபோகும் வரை எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

படத்தில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியனின் மனைவியாக மீனா நடித்த ஜானகிக்கு அந்தக் கதையில் பெரிய வழக்கே இல்லை. அழவும் கோபப்படவும் கடைசியில் மனம் மாறவும் மட்டுமே அவளை வைத்திருக்கிறார்கள். டவுட்ஃபயரின் மனைவி அப்படி இல்லை. சாலி ஃபீல்ட் நடித்த மிராண்டா வேலைக்குப் போய்க் களைத்து வீடு திரும்பினால், மகனின் பிறந்த நாளுக்குக் கணவன் ஆடு மாடு குதிரையை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். வேடிக்கை அவனுக்கு, கண்டிப்பு இவளுக்கு, மறுநாள் தரையைத் துடைப்பதும் இவளுக்கு. பதினெட்டு வயதில் நான் அவனுக்காக அழுதேன். நாற்பதைத் தாண்டிப் பார்க்கும்போது அவளுக்காகப் பல்லைக் கடித்தேன். அந்தப் படம் இருவருக்கும் இடம் கொடுக்கிறது. நம் படம் மாமிக்கே எல்லா இடத்தையும் கொடுத்துவிட்டது.

அதனால்தான் முடிவும் வேறு வேறு. டவுட்ஃபயரில் வேஷம் கலைந்தபிறகு கணவனும் மனைவியும் சேர்வதில்லை. விவாகரத்து விவாகரத்துதான். இரண்டு வீடு இரண்டு வீடுதான். அவள் இறங்கிவருகிற ஒரே விஷயம், பள்ளி முடிந்ததும் குழந்தைகளை அவனிடம் விடுவது. பாண்டியனும் ஜானகியுமோ சேர்ந்துவிடுகிறார்கள். 1996இல் சேராமல் விட்டிருந்தால் கும்பகோணம் திரையரங்கில் எத்தனை நாற்காலி மிஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இதையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததில் அக்கா மகள் படத்தை முடித்தே விட்டாள். எழுந்து முறுக்குத் தூளைத் தட்டினாள்.

“இதில் சேர்ந்துவிட்டார்கள்” என்றாள்.

ஆமாம் என்றேன். எந்தப் படம் பிடித்தது என்று கேட்டேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவும் அத்தானும் பிரிந்து அப்போது நான்கு வருஷம். ஞாயிறும் முழுப்பரீட்சை விடுமுறையில் பாதியும் அவளுக்கு அப்பா வீடு.

அவள் ஒன்றும் கலங்கவில்லை. கடைக்காரர் தராசு பார்ப்பதுபோல் யோசித்தாள். “மாமிதான் சிரிப்பு. அந்தக் கிழவியைவிட மாமிதான் நல்ல சிரிப்பு” என்றாள். பிறகு, “ஆனால் அதில் அப்பா சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவார். அது நிஜம்போல இருந்தது” என்றாள்.

நான் காப்பி போடப் போனேன். பால் பொங்கும்போது கூடத்தில் என் கைப்பேசி அடித்தது. அத்தான்தான், மறுநாள் எத்தனை மணிக்கு வந்து அழைத்துப்போக வேண்டும் என்று கேட்பதற்கு. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். மூக்கைச் சுருக்கி, குரலை மெல்லியதாக்கி, “ஹலோ, சண்முகி மாமி பேசுகிறேன். யார் வேண்டும்?” என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ஒலிபெருக்கியை அவள் அழுத்தியிருந்ததால் எனக்கும் கேட்டது: “நமஸ்காரம் மாமி. உங்கள் வீட்டில் என் பெண் ஒருத்தி இருக்கிறாளாமே, கொஞ்சம் கூப்பிடுகிறீர்களா?”